அறுபதைத் தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்

சென்ற மாதம், நான் வேலை பார்த்த மருத்துவமனையின் பிசியோதெரபி பிரிவிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவரும் நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்கள். பிரிவைப் புதிய கட்டடத்துக்கு மாற்றுகிறார்களாம். அதையொட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்கள்.

"ரூத் மேடம் பத்தி நீங்கதான் சார் எழுதணும். அவங்களோட வேலை செஞ்சவங்க வேற யாரும் இல்ல" என்றார்கள்.

வந்த பெண் தன் கைபேசியை என் காலில் வைத்து முழங்காலை மடக்கச் சொன்னாள். திரையில் கோணம் தெரிந்தது. "இப்பல்லாம் இதுலதான் சார் அளக்கறோம். தப்பா எழுதவே முடியாது" என்று சிரித்தாள்.

எழுதுவதாகச் சொல்லி அனுப்பினேன். ரூத் மேடத்தைப் பற்றி எழுதினால் முனுசாமியைப் பற்றியும் எழுத வேண்டும். முனுசாமியைப் பற்றி எழுதினால் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். மலரில் போடுவார்களோ மாட்டார்களோ, எழுதிவிடுகிறேன்.

என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவர். ஐம்பது வயதில் முழங்கால் வலியோடு மேலே வந்தார். ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். முதலில் கடைத்தெருவுக்குப் போவதை விட்டார், பிறகு வாசலுக்கு வருவதை விட்டார். வலி குறைந்தது, ஆளும் குறைந்துபோனார். இந்தத் தொழிலுக்கு நான் வந்ததற்கு அதுதான் காரணம். நன்றாகப் படித்தேன், பட்டம் வாங்கினேன், சில சிறிய மருத்துவமனைகளில் வேலை பார்த்தேன். 1991இல் பெங்களூரில், காக்ஸ் டவுனுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு தர்ம மருத்துவமனையில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தாறு வயது. ஊரையே நடக்க வைத்துவிடுவேன் என்ற நினைப்பு இருந்தது.

பிரிவின் தலைவர் ரூத் மேடம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். டிப்ளமோ மட்டும் படித்தவர். நான் பட்டதாரி. அந்த வித்தியாசத்தை முதல் வாரத்தில் இரண்டு மூன்று தடவை பேச்சோடு பேச்சாக அவர் காதில் போட்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

மேடத்தின் வேலை முறை இப்படி இருக்கும். நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாங்கள் எல்லோரும் "எங்கே வலிக்குது?" என்று கேட்போம். மேடம் அதைக் கடைசியில்தான் கேட்பார். அவருடைய முதல் கேள்வி, "எதை விட்டுட்டீங்க?" என்பது.

வந்தவர்களுக்கு முதலில் புரியாது. "காலையில எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் போன வருசம் செஞ்சது, இந்த வருசம் செய்யாதது. அதைச் சொல்லுங்க" என்பார். மாவாட்டுவதை விட்டேன், பஸ்ஸில் முன்படியில் ஏறுவதை விட்டேன், பேரனைத் தூக்குவதை விட்டேன் என்று ஒவ்வொன்றாக வரும். அச்சடித்த அட்டையில் வலி, வீக்கம், கோணம் என்று கட்டங்கள் இருந்தன. மேடம் அளவுகோல் வைத்து இன்னொரு கட்டம் போட்டு, அதன் தலையில் 'விட்டது' என்று எழுதியிருப்பார். விட்டதை மறுபடி செய்ய ஆரம்பித்தால்தான் அந்த நோயாளிக்குச் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு. வலி கொஞ்சம் மிச்சமிருந்தாலும் சரி.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், முழங்கால் வலியால் சர்ச்சுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அவர் தொடைக்கு நான் ஒரு மாதம் பயிற்சி கொடுத்தேன். வலி குறைந்தது. சர்ச்சுக்கு மட்டும் போகவில்லை. மேடம் ஒருநாள் மாலை அந்தச் சர்ச் வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்று படி. கைப்பிடி கிடையாது. மூன்றாவது படி மற்ற இரண்டையும்விட நான்கு விரல் உயரம். அடுத்த நாள் எங்கள் தச்சரிடம் சொல்லி அதே உயரத்தில் மூன்று மரப்படி செய்து வாங்கினார். ஆசிரியை இரண்டு வாரம் அதிலேயே ஏறி இறங்கினார். மூன்றாம் ஞாயிறு சர்ச்சில் இருந்தார். பட்டப்படிப்பில் எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை.

கோணம் அளப்பதிலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. கோனியோமீட்டர் என்பது ஒரு கருவி. கணிதப் பெட்டியில் இருக்கும் பாகைமானியில் இரண்டு நீளக் கைகள் பொருத்தியது போல இருக்கும். மேடம் நோயாளியின் இடுப்பெலும்பு, முழங்கால், கணுக்கால் மூன்றிலும் பேனாவால் புள்ளி வைப்பார். நோயாளியை மடக்கச் சொல்லி அளப்பார். நீட்டச் சொல்லி, மறுபடி மடக்கச் சொல்லி அளப்பார். மூன்று தடவை. மூன்றில் எது சிறியதோ அதை எழுதுவார்.

"சராசரி எடுக்கலாமே மேடம்?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"சராசரியால படி ஏற முடியாது சீலன். அவரால எப்பவும் முடியறது எவ்வளவோ அதை எழுதுங்க" என்றார்.

என் பெயர் ஜெயசீலன். எல்லோருக்கும் சீலன்.

முனுசாமி 1996இல் வந்தார். நாற்பது வயதிருக்கும். பூர்வீகம் குடியாத்தம் பக்கம், குடியிருப்பு ஈஜிபுராவில். சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டி கட்டி, காலையும் மாலையும் வீடு வீடாக ப்ரெட், பன் விற்பவர். ஒரு மழைநாளில் வேன் இடித்து வலது முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. கம்பி போட்டுக் கட்டி, ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கால் மரக்கட்டை மாதிரி இருந்தது. நாற்பது பாகைக்கு மேல் மடங்கவில்லை.

மேடத்தின் கேள்விக்கு அவர் சொன்ன பதில் ஒரே சொல். "சைக்கிளு." மேடம் அதை 'விட்டது' கட்டத்தில் எழுதி, சிகிச்சையை என்னிடம் ஒப்படைத்தார்.

சைக்கிள் மிதிக்க முழங்கால் நூறு பாகைக்கு மேல் மடங்க வேண்டும். அறுவை மருத்துவர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ஆறு வாரம் பயிற்சி குடுங்க. தொண்ணூறு வரலேன்னா சொல்லுங்க, மயக்கம் குடுத்து மடக்கிடுவேன். லேட் பண்ணிட்டா ஒட்டினது ஒட்டினதுதான்."

முனுசாமி நல்ல மனிதர், பேச்சுத் துணைக்கு ஏற்றவர். நான் காலைப் பிடித்து அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், நீங்க போன ஜென்மத்துல போலீசா?" என்பார். மற்ற நோயாளிகள் சிரிப்பார்கள். ஆனால் கண்ணில் நீர் வழியும். அதைப் பார்த்து நான் கையைத் தளர்த்தினேன். இரண்டு வாரம் முறையாக அளந்தேன், ஐம்பது வந்தது. மூன்றாம் வாரம் நாற்பது நோயாளிகள் காத்திருந்தார்கள். கருவியை எடுக்கவில்லை. கண்ணாலேயே பார்த்து அறுபது என்று எழுதினேன். நான்காம் வாரம் எழுபது. வாரம் பத்து ஏறுவதுதானே முறை? ஐந்தாம் வாரம் எண்பது. ஆறாம் வாரம், மருத்துவர் பார்க்கப்போகும் நாளுக்கு முன்தினம், தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.

இரக்கத்தால் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். என் கையில் வந்த நோயாளிக்குக் கோணம் ஏறவில்லை என்று அட்டையில் எழுத எனக்குக் கூசியது. அதுதான் மறுபாதி.

மருத்துவர் அட்டையைப் பார்த்தார், முனுசாமி நடப்பதைப் பார்த்தார், "வெரி குட்" என்றார். வீட்டிலேயே பயிற்சி செய்யச் சொல்லி அனுப்பினோம்.

நான்கு மாதம் கழித்து முனுசாமி திரும்பி வந்தார். நான் வேறொரு நோயாளியோடு இருந்தேன். மேடமே அவரை உட்கார வைத்தார்.

"சைக்கிள் ஏறினீங்களா?"

"பெடலு பாதி சுத்து கூட வரல மேடம். தெருவுல தள்ளிக்கினே போறேன். பாதி வீட்டுக்குப் போறதுக்குள்ள வேற ஆளு வித்துட்டுப் போயிடறான்."

மேடம் மூன்று புள்ளி வைத்தார். மூன்று தடவை அளந்தார். அறுபத்திரண்டு, அறுபத்தைந்து, அறுபது. அறுபது என்று எழுதப்போனவர், மேலே இருந்த என் கையெழுத்தைப் பார்த்தார். என்னைக் கூப்பிட்டார்.

"இங்க தொண்ணூத்தஞ்சுன்னு இருக்கே?"

நான் யோசிக்கக்கூட இல்லை. "அப்ப வந்தது மேடம். வீட்ல எக்சர்சைஸ் பண்ணியிருக்க மாட்டார். இறுகிடுச்சு" என்றேன்.

முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். "ஆமாங்க மேடம். மச்சினிச்சி கல்யாணத்துக்குக் குடியாத்தம் போன ரெண்டு நாளு பண்ணல. சார் சொன்னாரு, ஒருநாளும் விடாதன்னு. நான்தான் அசட்டையா இருந்துட்டேன்."

அந்த இரண்டு நாளை அவர் சொன்னபோதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

முனுசாமி போன பிறகு மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். அட்டையை மேசையில் வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "இந்த அட்டையில இருக்கறது யாரோட முழங்கால், சீலன்?"

சொல்லிவிட்டேன். மூன்றாம் வாரத்திலிருந்து அளக்கவே இல்லை என்று சொன்னேன். மேடம் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"சர்ஜன்கிட்ட நான் பேசிக்கறேன். முனுசாமிகிட்ட நீங்க சொல்லணும். அவர் தப்பு இல்லன்னு அவருக்குத் தெரியணும். அதை நான் சொன்னா நீங்க தப்பிச்சிடுவீங்க" என்றார்.

மருத்துவரிடம் போய், எங்கள் பிரிவின் பதிவு தவறு, தலைவர் என்ற முறையில் தான்தான் பொறுப்பு என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. மருத்துவர் போட்ட சத்தம் வராந்தா வரைக்கும் கேட்டது. பிறகு மயக்கம் கொடுத்து மடக்கிப் பார்த்தார். எண்பது வரை வந்தது. அதற்கு மேல் அழுத்தினால் சில்லு மறுபடி உடையும் என்று நிறுத்திவிட்டார். அந்தக் கால் இனி எண்பதுதான்.

ஒரு வாரம் கழித்து மேடம் கேட்டார்: "சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன் மேடம்" என்றேன். சொல்லவில்லை.

வேறு யாராக இருந்தாலும், எண்பதோடு ஒரு கைத்தடியும் கொடுத்து வேறு வேலை பார்க்கச் சொல்லியிருப்பார்கள். மேடம் முனுசாமியையும் அவர் சைக்கிளையும் என்னையும் ஆடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு வரச் சொன்னார். பட்டறைக்காரர் ரஹீம் பாய்.

"இவர் முழங்கால் எண்பதுக்கு மேல மடங்காது பாய். காலை மாத்த முடியாது. சைக்கிளை மாத்தணும்" என்றார் மேடம்.

ரஹீம் பாய் காலைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "என்னாம்மா இது, சைக்கிளுக்கும் ஆபரேசனா?"

மேடம் ஏற்கெனவே காகிதத்தில் வரைந்து வைத்திருந்தார். பெடலைத் தாங்கும் இரும்புக் கை வலது பக்கத்தில் மட்டும் பாதி நீளமாக வேண்டும். அப்போது வலது கால் சின்ன வட்டம்தான் போடும், முழங்கால் அதிகம் மடங்க வேண்டியதில்லை. இடது கால் வழக்கம்போல் பெரிய வட்டம் போட்டு வண்டியை இழுக்கும். சீட்டைக் கொஞ்சம் உயர்த்த வேண்டும். பின்னால் பெட்டி இருப்பதால் அவர் முன்பக்கமாகக் காலைத் தூக்கித்தான் ஏறுவார். மடங்காத காலை நடுக்கம்பிக்கு மேல் தூக்க முடியாது. ஆகவே நடுக்கம்பி இல்லாத சைக்கிள் வேண்டும்.

"பொம்பள சைக்கிளா மேடம்? தெருவுல சிரிப்பாங்க" என்றார் முனுசாமி.

"சிரிக்கட்டும்பா. சிரிச்சிட்டு ப்ரெட் வாங்கட்டும்."

ரஹீம் பாய் பழைய லேடீஸ் சைக்கிள் ஒன்றைத் தேடிப் பிடித்து, பெடல் கையை அறுத்து, பற்றவைத்து, மரை போட்டு முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. வண்டி தயாரான அன்று மேடம் முனுசாமியை உடனே ஏறவிடவில்லை. பையிலிருந்து ஒரு முழங்கால் பட்டையை எடுத்துத் தன் வலது காலில் புடவைக்கு மேலேயே கட்டினார். எண்பதுக்கு மேல் மடங்காதபடி அதைப் பூட்டினார். ஐம்பத்தொரு வயதில், கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த லேத் பட்டறைத் தெருவில் சைக்கிளில் ஏறினார்.

"மேடம், விழுந்தா என் கடை பேரு போயிடும்!" என்று ரஹீம் பாய் பின்னாலேயே ஓடினார். பக்கத்துப் பட்டறைகளில் இயந்திரங்கள் நின்றுவிட்டன. மேடம் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தார். இறங்கி, "சீட்டு இன்னும் ஒரு விரல் ஏத்தணும் பாய்" என்றார்.

பிறகு முனுசாமி ஏறினார். முதல் சுற்றில் தடுமாறினார். இரண்டாவது சுற்றில் பெடல் முழு வட்டம் வந்தது. மூன்றாவது முறை முனை திரும்பிப் போனவர் வெகுநேரம் வரவில்லை. எங்கள் மூவருக்கும் கவலையாகிவிட்டது. வந்து நின்று, "ஓசூர் ரோடு வரைக்கும் போய்ப் பாத்தேன் மேடம்" என்றார்.

முப்பது வருட அனுபவத்தில் எத்தனையோ நல்ல சிகிச்சைகளைப் பார்த்திருக்கிறேன். அதற்கு இணையாக ஒன்றைப் பார்த்ததில்லை. அன்று எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமியிடம் உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதன்பிறகு முனுசாமி எங்கள் மருத்துவமனை கேன்டீனுக்கும் பன் போட ஆரம்பித்தார். காலை ஒன்பது மணிக்கு எங்கள் பிரிவின் பெஞ்சில் பத்து நிமிடம் உட்காருவார். மேடம் அப்போது வார்டில் இருப்பார். காத்திருக்கும் நோயாளிகளிடம் முனுசாமி தன் காலை நீட்டிக் காட்டுவார். "சார் எவ்வளவோ சொன்னாரு. தொண்ணூத்தஞ்சு வரைக்கும் கொண்டாந்து குடுத்தாரு. நான் சோம்பேறித்தனம் பண்ணிக் கெடுத்துக்கினேன். நீங்க அப்படிப் பண்ணாதீங்க." அதைக் கேட்டுப் பலர் ஒழுங்காகப் பயிற்சி செய்தார்கள். ஏழு வருடம் நான் அதைக் கேட்டுக்கொண்டு அந்த வராந்தாவைக் கடந்து போனேன். மேடம் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கேட்ட நாள் முதல் ஒரு கோணத்தையும் கண்ணால் பார்த்து எழுதியதில்லை. முனுசாமிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

2003இல் மேடம் ஓய்வு பெற்றார். கூடத்தில் கேக், டீ. முனுசாமி பெரிய பெட்டி நிறைய பன் கொண்டுவந்திருந்தார். நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"எனக்குப் பேச வராதுங்க. சீலன் சார் நல்லாக்கிக் குடுத்த கால நான் சோம்பேறித்தனமாக் கெடுத்துக்கினேன். அதுக்காக மேடம் என்னத் திட்டல. சைக்கிள மாத்திக் குடுத்தாங்க. என் ரெண்டு பசங்களும் படிக்கறது அந்த சைக்கிள்லதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். மேடம் தட்டவில்லை. என் பக்கம் திரும்பினார். ஏழு வருடத்துக்கு முன் நான் சொன்ன 'சொல்லிட்டேன்' அவருக்கு ஞாபகம் வந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். டீயைக் கீழே வைத்தார்.

அத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்க எனக்குத் துணிவு வரவில்லை. முனுசாமி கிளம்பியபோது சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய் அவரிடம் சொன்னேன். அளக்காமல் எழுதியதை, அன்று அவர் மேல் பழி போட்டதை, எல்லாவற்றையும். அவர் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கேட்டார்.

"அப்போ நான் ஒழுங்காத்தான் செஞ்சேனா சார்?"

"ஒழுங்காத்தான் செஞ்சீங்க."

"குடியாத்தம் போன ரெண்டு நாளு?"

"ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆகாது முனுசாமி."

டயரை அழுத்திப் பார்த்தார். காற்று இருந்தது. "சரிங்க சார். ஈவினிங் ரவுண்டு இருக்கு" என்று ஏறிப் போய்விட்டார்.

திரும்பி வந்து மேடத்திடம் சொன்னேன். "கோவப்பட்டாரா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்."

"கோவப்பட வேண்டியவங்க வீட்ல இருப்பாங்க. அங்க போங்க."

அடுத்த ஞாயிறு ஈஜிபுராவுக்குப் போனேன். ஒரு நீள வரிசையில் ஒற்றை அறை வீடுகள். முனுசாமியின் மனைவி சரோஜா கதவருகில் நின்று நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். முனுசாமி உள்ளே தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இவரு செஞ்சாருன்னு நான் ஏழு வருசமா சொல்றேன் சார்" என்றார் சரோஜா. "என் கண்ணால பாத்தவ நான். பசங்க பயந்துடக் கூடாதுன்னு தலகாணியக் கடிச்சிக்கினு மடக்குவாரு. நான் சொன்னா நம்பல. நீங்க எழுதினத நம்பினாரு. சொந்தக்காரன் எவன் வந்து சோம்பேறின்னாலும் தலையாட்டுவாரு."

"விடு சரோஜா" என்றார் முனுசாமி.

"நீ சும்மா இரு. சார், வாயால சொன்னது நாளைக்கே இவருக்கு மறந்துடும். அன்னிக்கு எழுதினீங்க இல்ல? இன்னிக்கும் எழுதிக் குடுங்க."

மகளின் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். சுவரில் வைத்துத் தமிழில் எழுதினேன். முனுசாமி பயிற்சிகளைத் தவறாமல் செய்தார், எங்கள் பிரிவில் நேர்ந்த பிழையால் அவர் முழங்காலுக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் போயிற்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சரோஜா எழுத்துக்கூட்டிப் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"பிரிவுன்னா யாரு சார்?"

தாளைத் திரும்ப வாங்கினேன். அந்த வரியை அடித்துவிட்டு, 'ஜெயசீலனாகிய நான் அளக்காமல் பொய் எழுதியதால்' என்று மேலே எழுதிக் கொடுத்தேன். மறுபடி முதலிலிருந்து படித்தார். படித்து முடித்துத் தாளை நான்காக மடித்து முனுசாமியின் சட்டைப் பையில் வைத்தார்.

பிறகுதான் என்னை உள்ளே வந்து உட்காரச் சொன்னார்.